டலானகாவா, ஹெலனா, புளூ ரிட்ஜா: வடக்கு ஜார்ஜியாவில் குடும்பத்தோடு ஒரு கோடைப் பயணம்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் பள்ளிகள் மே மாதக் கடைசியில் மூடி, ஆகஸ்டு தொடக்கத்திலேயே திறந்துவிடுகின்றன. ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் அப்பா அம்மாவுக்கு இந்தப் பக்கத்தைச் சுற்றிக் காட்டுவதும், பிள்ளைகளைத் திரைக்கு முன்னாலிருந்து எழுப்பி வெளியே கூட்டிப்போவதும் ஜூன், ஜூலை மாதங்களின் எட்டு ஒன்பது வார இறுதிகளுக்குள் நடந்தாக வேண்டும். அட்லாண்டாவுக்கு வடக்கே கம்மிங், ஆல்ஃபரெட்டா, ஜான்ஸ் கிரீக் பகுதிகளில் குடியிருக்கும் நம்மவர்கள் இதற்காகப் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பவை மூன்று மலைச் சிற்றூர்கள்: டலானகா, ஹெலன், புளூ ரிட்ஜ். "மூன்றில் எங்கே போகலாம்?" என்று ஒவ்வோர் ஆண்டும் யாராவது கேட்கிறார்கள். மூன்று ஊர்களுக்கும் என் அம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு பல கோடைகளில் போய்வந்திருக்கிறேன் என்பதால், நான் கற்றுக்கொண்டதை ஒழுங்காக எழுதிவைக்கிறேன்.

முதலில் எதைப் பார்க்க வேண்டும்

படங்களைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் தவறாகத்தான் முடிகிறது. உங்கள் வண்டியில் ஏறப்போகிறவர்களில் மிக மூத்தவர் எவ்வளவு தூரம் நடப்பார், எத்தனை படி ஏறுவார் என்பதுதான் முதல் கேள்வி. மிக இளையவர் எத்தனை மணி நேரம் ஓரிடத்தில் பொறுமையாக இருப்பார் என்பது இரண்டாவது. மூன்றாவது, நிழல்: ஜூலையில் இங்கே பகல் வெப்பம் 32 டிகிரி செல்சியஸைத் தொடும், காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் அது இன்னும் கடுமையாக உறைக்கும், பிற்பகல் மூன்று மணிக்கு மேல் இடி மின்னலோடு மழை கொட்டுவதும் வழக்கம். ஆகவே வெளியில் செய்ய வேண்டிய எதையும் காலையிலேயே முடித்துவிடும்படி ஊர் இடங்கொடுக்க வேண்டும்.

நான்காவதாகச் சாப்பாடு. வீட்டில் சைவம் சாப்பிடுகிறவர் ஒருவர் இருந்தாலும் இது பெரிய விஷயமாகிவிடும் என்பதால் அதைத் தனியாகக் கீழே எழுதியிருக்கிறேன். கடைசியாக, நுழைவுச் சீட்டில் தெரியாத செலவுகள்: வண்டி நிறுத்தும் கட்டணம், வண்டிக்கு ஒரு கட்டணமா ஆளுக்கு ஒரு கட்டணமா என்ற வேறுபாடு, பிள்ளைகள் "இன்னொன்று" என்று கேட்டு ஏறும் கணக்கு, தாமதமானால் இரவு தங்க வேண்டிவரும் செலவு.

| | டலானகா | ஹெலன் | புளூ ரிட்ஜ் |
|---|---|---|---|
| அட்லாண்டா நகர மையத்திலிருந்து | சுமார் 65 மைல் | சுமார் 85 மைல் | சுமார் 90 மைல் |
| முக்கியமான காரியம் | தங்கம் அரித்தல், சுரங்கம் | ஆற்றில் மிதத்தல் | ரயில், பழத்தோட்டம், ஏரி |
| மழை வந்தால் | சுரங்கமும் அருங்காட்சியகமும் உண்டு | பெரும்பாலும் நாள் வீண் | ரயில் உண்டு |
| முதியவர்களுக்கு | நன்று | பாதி நாள் காத்திருப்பு | மிக நன்று |
| ஒரே நாளில் திரும்ப | எளிது | முடியும் | அவசரமாகிவிடும் |

டலானகா

ஜார்ஜியா 400 நெடுஞ்சாலையில் வடக்கு நோக்கி அது முடியும்வரை போய், இன்னும் சில மைல் ஏறினால் டலானகா. கம்மிங்கிலிருந்து முக்கால் மணி நேரம் ஆகும். 1828ஐ ஒட்டி இந்தப் பகுதியில் தங்கம் கிடைத்த செய்தி பரவி, அடுத்த ஆண்டே ஆயிரக்கணக்கானவர்கள் வந்து குவிந்தார்கள். இந்த மண் அப்போது செரோக்கி என்ற பூர்வகுடி மக்களுடையது. ஊரின் பெயரே மஞ்சள் நிறத்தைக் குறிக்கும் அவர்களுடைய சொல்லிலிருந்து வந்ததுதான். 1832இல் ஜார்ஜியா மாநில அரசு அவர்களுடைய நிலத்தைக் குலுக்கல் போட்டு வெள்ளையர்களுக்குப் பங்கிட்டது. 1838இல் படையைக் கொண்டு அவர்களை மேற்கே விரட்டினார்கள். வழியில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அதே 1838இல்தான் அமெரிக்க அரசின் நாணயச்சாலை இங்கே திறக்கப்பட்டு, 1861 வரை தங்கக் காசுகள் அடிக்கப்பட்டன. பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவிட்டு ஊருக்குள் நுழைவது நல்லது. அங்கே காணும் பளபளப்புக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஊரின் நடுவிலுள்ள சதுக்கத்தில், 1836இல் கட்டிய பழைய நீதிமன்றக் கட்டடம் இன்று தங்க அருங்காட்சியகமாக இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் வடக்கு ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் கட்டடம் ஒன்று, பழைய நாணயச்சாலையின் அடித்தளத்தின்மேல் எழுந்து, தங்கத் தகடு போர்த்திய கூம்போடு நிற்கிறது.

பிள்ளைகள் நினைவில் வைத்துக்கொள்வது இவற்றையல்ல, தங்கம் அரிப்பதைத்தான். 1847இல் தோண்டத் தொடங்கிய கிரிஸன் சுரங்கத்தில், கூரை போட்ட நிழலில், நீர் நிறைந்த நீண்ட தொட்டிகள் இருக்கின்றன. மணல் போட்ட ஒரு அகன்ற தட்டைக் கையில் கொடுப்பார்கள். தட்டின் உட்புறத்தில் ஒரு பக்கம் வரிவரியாகப் படி வெட்டியிருக்கும். தட்டை நீரில் அமிழ்த்திப் பக்கவாட்டில் குலுக்கினால் கனமான தங்கம் அடியில் இறங்கும். பிறகு சற்றே சாய்த்து, மேலே நிற்கும் மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக நீரோடு வழியவிட வேண்டும். என் பிள்ளைகள் இருவரும் அவசரப்பட்டு மணலோடு எல்லாவற்றையும் தொட்டியில் கொட்டிவிட்டார்கள். முக்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மா தட்டை வாங்கி, உள்ளே இருந்த வரிகளை விரலால் தடவிப் பார்த்து, "இது நம்ம அரிக்கஞ்சட்டிதானே" என்றார். நாகர்கோவில் பக்கத்து வீடுகளில் அரிசியிலிருந்து கல் பிரிக்க வைத்திருந்த, உள்ளே வரி வைத்த மண்சட்டியைச் சொன்னார். அரிசி அரிக்கும்போது மேலே வருவதை எடுத்துக்கொண்டு அடியில் தங்குவதை எறிவோம். இங்கே அடியில் தங்குவதுதான் வேண்டியது. கையின் அசைவில் வேறுபாடே இல்லை. பத்து நிமிடத்தில், தட்டின் ஓரத்தில் நின்ற கரு மணலுக்கு நடுவே கடுகின் கால்பங்குகூட இல்லாத நான்கு மஞ்சள் பொட்டுகள் தெரிந்தன. அவற்றைப் போட்டுக்கொடுத்த சிறு கண்ணாடிக் குப்பி நாகர்கோவிலில் பூஜை அலமாரியில் இருக்கிறது.

ஊரின் இன்னொரு தங்கச் சுரங்கமான கன்சாலிடேட்டட் சுரங்கத்தில் தரைக்கு அடியில் சுமார் 200 அடி ஆழத்துக்கு வழிகாட்டியோடு இறங்கிப் பார்க்கலாம். உள்ளே ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 15 டிகிரி குளிர்தான்; நடுப்பகல் வெயிலுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் படிகளும் ஈரத் தரையும் உண்டு; முழங்கால் வலி உள்ளவர்கள் மேலேயே இருந்துவிடுவது மேல்.

இங்கே தெரியாமல் ஏறும் செலவு மணல் வாளி. முதல் தட்டு மலிவு. அதன்பின் கல் பொறுக்கும் வாளி, அதைவிடப் பெரிய வாளி என்று விலை படிப்படியாகக் கூடும். "ஆளுக்கு ஒன்று" என்று வண்டியை விட்டு இறங்கும் முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

டலானகாவுக்கு மேற்கே அரை மணி நேரத்தில் அமிக்கலோலா அருவி இருக்கிறது. 729 அடி உயரத்திலிருந்து பல கட்டங்களாக விழுகிறது. கீழிருந்து மேலே போகும் 604 படிகளைப் பற்றிக் கேள்விப்பட்டுப் பலர் பெரியவர்களை வீட்டில் விட்டுவருகிறார்கள், அது தேவையில்லை. அருவியின் இடைப்பகுதிப் பாலத்துக்குச் சக்கர நாற்காலி செல்லும்படி சமமாக அமைத்த குட்டையான பாதை ஒன்று தனியே உண்டு. மாநிலப் பூங்கா என்பதால் கட்டணம் வண்டிக்கு மட்டும். ஏழு பேர் போனாலும் அதே தொகைதான்.

ஹெலன்

ஹெலன் மரம் வெட்டும் தொழில் நின்றுபோய் நலிந்த ஊர். 1969இல் அங்கிருந்த வணிகர்கள், பவேரிய மலைக்கிராமம்போல முகப்புகளை மாற்றி ஊரை மீட்டெடுத்தார்கள். நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் சில நூறு பேர்தான். ஜூலைச் சனிக்கிழமையில் வருகிறவர்கள் எத்தனையோ மடங்கு. சாட்டஹூச்சி ஆறு ஊருக்கு நடுவே ஓடுகிறது. அட்லாண்டாவின் குழாய்களில் வரும் குடிநீரில் பெரும்பங்கு இதே ஆற்று நீர் என்று பிள்ளைகளுக்குச் சொன்னால் அவர்களுக்கு ஆற்றின்மேல் ஒரு உறவு வந்துவிடும்.

இங்கே வருவது ரப்பர் வளையத்தில் உட்கார்ந்து ஆற்றோடு மிதந்து போவதற்காக. எட்டு வயது முதல் பதினெட்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இந்த மூன்று ஊர்களிலும் இதைப் போன்ற மகிழ்ச்சி வேறு எதுவும் தராது என்பதை ஒத்துக்கொள்கிறேன். மலையிலிருந்து வரும் நீர் ஜூலையிலும் சில்லென்றிருக்கும். ஆனால் மழை குறைந்த கோடையில் நீர் வற்றி, வளையம் பாறைகளில் தட்டித் தட்டி நிற்கும். இறங்கித் தள்ள வேண்டும். பெருமழை பெய்த மறுநாள் ஆறு கலங்கி வேகமெடுக்கும்போது யாரையும் இறங்கவிட மாட்டார்கள், விடவும் கூடாது. குதிகாலைப் பிடிக்கும் வாருள்ள காலணி கட்டாயம் வேண்டும். நாங்கள் முதல் முறை போனபோது என் மகனின் ரப்பர் செருப்பு முதல் வளைவிலேயே ஆற்றோடு போய்விட்டது. அதற்குப் பதிலாகக் கரையிலிருந்த கடையில் வாங்கிய காலணியின் விலை, அவன் மிதந்ததற்குக் கொடுத்த கட்டணத்தைவிட அதிகம். உயிர்காப்பு உடையைக் கேட்டு வாங்கி, நீச்சல் தெரிந்த பிள்ளைக்கும் மாட்டிவிடுங்கள். மிகச் சிறிய குழந்தைகளை ஏற்றுவதில்லை என்பதால், பெற்றோரில் ஒருவர் கரையில் நிற்க வேண்டியிருக்கும். பாட்டி தாத்தாவும் அங்கேயே நிற்பார்கள். அந்த இரண்டு மணி நேரம் அவர்களுக்கு என்ன ஏற்பாடு என்பதை யோசிக்காமல் ஹெலனுக்குப் போகாதீர்கள்.

பக்கத்திலுள்ள அன்னா ரூபி அருவி அதற்கு ஓரளவு விடை. இரண்டு ஓடைகள் அருகருகே விழும் இரட்டை அருவி. ஒன்று 153 அடி, மற்றது 50 அடி. தார் போட்ட நடைபாதை அரை மைலுக்கும் குறைவுதான், ஆனால் முழுவதும் ஏற்றம். என் அம்மா நாலைந்து இடங்களில் உட்கார்ந்து உட்கார்ந்து போய்ச் சேர்ந்தார். இங்கே கட்டணம் ஆளுக்கு ஆள். ஊருக்குள் வண்டி நிறுத்துவதற்கும் பெரும்பாலான இடங்களில் காசு. சனிக்கிழமை பதினோரு மணிக்கு மேல் போனால் ஊருக்குள் நுழையும் ஒற்றைச் சாலையிலேயே முக்கால் மணி நேரம் கரைந்துவிடும். வார நாளில் விடுப்பெடுத்துக் காலை ஒன்பதரைக்குள் போகிறவர்களுக்கு மட்டுமே ஹெலனை மனமாரப் பரிந்துரைப்பேன்.

புளூ ரிட்ஜ்

முழங்கால் வலியுள்ள அம்மாவுக்கு மிகவும் பிடித்த ஊர் இது. காரணம், பார்க்க வேண்டியவை எல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிகின்றன. 1905இல் கட்டிய நிலையத்திலிருந்து புறப்படும் சுற்றுலா ரயில், டக்கோவா ஆற்றின் கரையோடு 13 மைல் ஓடி மெக்கேஸ்வில் என்ற ஊரில் நிற்கிறது. அந்த ஊரின் மறுபாதி டென்னசி மாநிலத்தில் காப்பர்ஹில் என்ற பெயரில் இருக்கிறது; நடுவே தரையில் வரைந்திருக்கும் எல்லைக்கோட்டில் காலை அகட்டி நின்று, ஒரே நேரத்தில் இரு மாநிலங்களில் நிற்பதாகப் படம் எடுக்காத பிள்ளை கிடையாது. எல்லையைத் தாண்டியதும் அதே ஆற்றுக்கு ஓக்கோயி என்று பெயர். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில், நுரைத்துப் பாயும் நீரில் ஓட்டும் படகுப் போட்டிகள் அதில்தான் நடந்தன. காப்பர்ஹில் பெயருக்கேற்பச் செம்புச் சுரங்க ஊர். உருக்காலைகளின் கந்தகப் புகையில் சுற்றுவட்டார மலைகள் புல்கூட இல்லாமல் மொட்டையாகி, பல பத்தாண்டுகள் மரம் நட்ட பிறகே மீண்டும் பச்சையாயின. ரயிலின் சாளரத்தில் தெரியும் பசுமையைப் பார்க்கும்போது இது நினைவில் இருந்தால் நல்லது.

போய்வர, இடையில் நிற்கும் நேரத்தையும் சேர்த்து, ஏறத்தாழ நான்கு மணி நேரம். மூன்று வயதுக் குழந்தைக்கு அது நீளம். சீட்டை முன்கூட்டியே எடுக்க வேண்டும். திறந்த பெட்டி பிற்பகலில் சூடு, காலை ரயிலில் மட்டும் அதை எடுங்கள்.

ஊருக்கு வெளியே மெர்சியர் பழத்தோட்டம் 1943 முதல் ஒரே குடும்பத்தின் கையில் இருக்கிறது. ஆப்பிள் பறிப்பது செப்டம்பருக்கு மேல்தான். கோடையில் போகிறவர்கள் புளூபெர்ரி போன்றவை பறிக்கக் கிடைக்கின்றனவா என்று முன்னதாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். அவர்களுடைய கடையில் சூடாகக் கிடைக்கும், பழம் வைத்துப் பொரித்த மடக்குப் பணியாரம் நம்முடைய சோமாசிக்கு நெருங்கிய உறவு. 1955 முதல் நடக்கும் ஸ்வான் திறந்தவெளித் திரையரங்கில் வண்டியிலிருந்தபடியே படம் பார்க்கலாம்.

மறைந்திருக்கும் செலவும் இங்கேதான் மிக அதிகம். ஜூலையில் இருட்ட ஒன்பது மணியாவதால் படம் முடிய நள்ளிரவாகிவிடும். தூங்கும் பிள்ளைகளோடு அந்நேரத்தில் மலைச்சாலையில் திரும்புவது கூடாது. ஆகவே இரவு தங்க வேண்டும். வாடகை மர வீடுகள் அழகானவை. ஆனால் விளம்பரத்தில் காணும் வாடகையோடு துப்புரவுக் கட்டணமும் வரியும் சேர்ந்தால் ஓரிரவுக்கு மட்டும் எடுப்பது கட்டுப்படியாகாது. இரண்டு குடும்பங்கள் சேர்ந்து இரண்டு இரவு தங்கினால் கணக்குச் சரிப்படும். அந்தப் பகுதியில் கரடிகள் உண்டு. மிச்சச் சோற்றை முற்றத்தில் வைக்காதீர்கள்.

சாப்பாடு

தென்மாநிலச் சமையலில் நமக்கு அயலானவை என்று சொல்லக் கூடியவை குறைவு. வெண்டைக்காய் வறுவல், தட்டைப்பயறு, சர்க்கரைவள்ளிக்கிழங்கு, கீரை மசியல், மோர், சோளக்குருணைக் கஞ்சி ஆகிய எல்லாமே அந்த மேசையில் இருக்கின்றன. இவற்றுள் வெண்டையும் தட்டைப்பயறும் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு வந்தவை. ஹெலனுக்குச் சற்றுத் தெற்கே, 1876 முதல் இயங்கும் நோரா மில் என்ற ஆற்றங்கரை ஆலையில் கல்லில் அரைத்த சோளக்குருணை விற்கிறார்கள். அதை வாங்கிவந்து மிளகும் இஞ்சியும் தாளித்துப் பொங்கல் செய்து பாருங்கள்.

பெயரைப் பார்த்து நம்பிவிடக் கூடாது என்பதுதான் சிக்கல். பீன்ஸும் கீரையும் தட்டைப்பயறும் பழைய வழக்கப்படி பன்றி இறைச்சித் துண்டு போட்டு மணிக்கணக்கில் வேகவைக்கப்படுகின்றன. ஒரு சிற்றூர் உணவகத்தில் அம்மா பாதித் தட்டு பீன்ஸ் சாப்பிட்ட பிறகுதான் அதில் ஒரு கொழுப்புத் துண்டைப் பார்த்தோம். அவர் எதுவும் சொல்லாமல் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அன்று முழுவதும் தண்ணீர் மட்டும் குடித்தார். பரிமாறியவர்மேல் பிழை இல்லை. நான்தான் கேட்டிருக்க வேண்டும். "இது சைவமா?" என்று கேட்டால் இறைச்சித் துண்டு தெரியவில்லை என்பதற்காக ஆமாம் என்பார்கள். "இதில் பன்றிக் கொழுப்போ கோழிச் சாறோ சேர்ந்திருக்கிறதா? இதே எண்ணெயில் கோழி பொரிக்கிறீர்களா?" என்று பொருளைச் சொல்லிக் கேளுங்கள்.

அசைவம் சாப்பிடும் குடும்பத்துக்கு டலானகாவே சிறந்தது. 1922இல் தொடங்கிய ஸ்மித் ஹவுஸில், பொரித்த கோழியும் பல காய்களும் கிண்ணம் கிண்ணமாக மேசைக்கு வந்து, பந்தியில் பரிமாறுவதுபோல் கைமாறிப் போகும். ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்து கூட்டம் வரும் முன், பதினொன்றரைக்குள் உட்கார்ந்துவிட வேண்டும். ஹெலனில் ஜெர்மன் பாணி. பன்றியும் மாட்டிறைச்சியும்தான் முதன்மை. சைவர்களுக்கு உருளைக்கிழங்கு அடையும் உப்புத் தூவிய முறுக்கு ரொட்டியும் உண்டு, பிள்ளைகளுக்கு இரண்டும் பிடிக்கும். புளூ ரிட்ஜில் தெரிவு அதிகம், விலையும் அதிகம்.

சைவக் குடும்பத்துக்கு நான் சொல்வது கட்டுச்சோறு. அமிக்கலோலாவிலும் ஹெலனை ஒட்டிய யூனிகாய் பூங்காவிலும் மர நிழலில் மேசைகள் உண்டு. புளியோதரை வெளியில் தாங்கும். தயிர்சாதத்தைப் பனிக்கட்டிப் பெட்டியில் வையுங்கள், வெயிலில் நிற்கும் வண்டிக்குள் ஒரு மணி நேரத்தில் புளித்துவிடும்.

எந்த வீட்டுக்கு எந்த ஊர்

ஒரே நாள்தான் இருக்கிறது, வண்டியில் பாட்டியும் சிறு பிள்ளையும் இருக்கிறார்கள் என்றால் டலானகா. காலை எட்டு மணிக்குக் கிளம்பி முதலில் அமிக்கலோலா, பதினொன்றரைக்குச் சாப்பாடு, நடுப்பகலில் சுரங்கம் அல்லது தங்கம் அரித்தல், மழை தொடங்கும்போது அருங்காட்சியகம். பிள்ளைகள் எல்லாரும் எட்டு வயதைத் தாண்டியவர்கள், வார நாளில் விடுப்பு கிடைக்கும், பெரியவர்கள் உடன் வரவில்லை என்றால் ஹெலன். இரண்டு இரவு தங்க முடியும், நடக்க முடியாதவர் ஒருவர் இருக்கிறார், இன்னொரு குடும்பமும் சேர்கிறது என்றால் புளூ ரிட்ஜ்.

மூன்றுக்கும் பொதுவாக இரண்டு காரியம். மலைப்பள்ளங்களில் தொலைபேசித் தொடர்பு அறுந்துபோகும். வரைபடத்தை வீட்டிலேயே பதிவிறக்கிக்கொள்ளுங்கள். திரும்பும் வழியில், சாலையோரத்தில் பெரிய அண்டா வைத்து ஆவி பறக்க வேகவைத்த கடலை விற்பார்கள். பச்சைக்கடலையைத் தோலோடு உப்பு நீரில் பல மணி நேரம் வேகவைத்தது. காரம் சேர்த்தது ஒன்று, சேர்க்காதது ஒன்று. சேர்க்காததை வாங்குங்கள். உடைக்கும்போது உப்பு நீர் தெறிக்கும் என்பதால் மடியில் ஒரு துண்டு விரித்துக்கொள்வது நல்லது.